கண்ணாடித் தகடும் தூரிகையும் – 9: வடலூரில் பதியாத முகம்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பல கடைகளின் கல்லாவுக்கு மேலே வள்ளலார் படம் மாட்டியிருக்கும். வடலூர் பக்கம்தான், பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் இறங்கிவிடலாம். தைப்பூசத்துக்கு இந்த ஊரிலிருந்து நடந்தே போகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் படம் எல்லோருக்கும் பழகிப்போன படம் என்பதால் யாரும் அதை ஓர் ஓவியமாகப் பார்ப்பதில்லை. ஒரு தடவை அப்படிப் பார்க்கலாம்.

தலையிலிருந்து கீழே இறங்கும் வெள்ளாடை. முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. உருவம் நடுவில் நிற்கிறது, சட்டத்தின் நான்கு பக்கமும் இடம் விட்டு. கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய நிழல். துணியின் மடிப்புகளில் சாம்பல் நிறம் இறங்கியிருக்கிறது. பின்னால் சத்திய ஞான சபையின் கூரை, சற்றுத் தொலைவில் இருப்பதுபோலச் சிறிதாக. பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஆளை நிறுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்த போட்டோவின் அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் வள்ளலாருக்குப் போட்டோ கிடையாது. எடுக்க முயன்றும் அவர் உருவம் தகட்டில் பதியவில்லை என்பது ஊரறிந்த வரலாறு.

போட்டோவே இல்லாத ஒருவரின் ஓவியம் எப்படிப் போட்டோவின் அமைப்பை எடுத்துக்கொண்டது? ஒளிப்படம் வந்தபின் தமிழ்நாட்டுச் சித்திரக்காரர்களின் கையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே.

சென்ற அத்தியாயத்தில் சென்னையில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். 1856-இல் மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானதிலும் ஹண்டருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய பள்ளியில் கோட்டுச் சித்திரமும் ஒளிப்படமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. ஐரோப்பாவில் ஓவியர்களும் ஒளிப்படக்காரர்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரே மாணவன் காலையில் பென்சிலையும் மாலையில் காமிராவையும் கையாளும் வாய்ப்பு இருந்தது. பின்னால் நடந்த பலவற்றுக்கு வித்து இங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டுகளில்தான் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி வந்தார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களில் அவர் எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே படமாக்கினார். டிரைப்பின் படங்களில் மனிதர்கள் அநேகமாக இல்லை. அசைகிறவர் பதியமாட்டார், அவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும். கூட்டமே இல்லாத புது மண்டபத்தையும் ஆளரவமற்ற திருமலை நாயக்கர் மகாலையும் தமிழ்நாடு முதல்முதலாகப் பார்த்தது அந்தப் படங்களில்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத் தகடுகளும் தாள்களும் நீல வானத்தை வெறும் வெள்ளையாகக் காட்டின. டிரைப் தம் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் வரைந்தார், மரங்களின் இலைக்கொத்துகளைத் தீற்றினார். கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-இல் வந்ததும் இதெல்லாம் வீண் செலவென்று பணியை நிறுத்திவிட்டார். ஆனால் ஒளிப்படம் இந்த மண்ணில் நுழைந்தபோதே ஓவியத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தது என்பதற்கு அந்த மேகங்கள் போதும்.

அதற்கு முன் நம் ஓவியர்களிடம் என்ன இருந்தது? தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் தெய்வம் நடுவில் பெரிதாக, பரிவாரம் பக்கத்தில் சிறிதாக. பின்னணி தங்கத் தாள். தெய்வம் எந்தத் தரையிலும் நிற்பதில்லை. தொலைவும் இல்லை, நிழலும் இல்லை. திருச்சியிலும் தஞ்சையிலும் கும்பினி அதிகாரிகளுக்காகக் காகிதத்திலும் காக்காப்பொன் தகட்டிலும் வரைந்த இன்னொரு வகை உண்டு: கணவனும் மனைவியுமாக ஒரு ஜோடி, கையில் தொழிற்கருவி, காலடியில் பட்டையாகக் கொஞ்சம் நிலம், பின்னால் வெறுமை. தச்சர், குயவர், பாம்பாட்டி என்று தொகுதி தொகுதியாக வரைந்து விற்றார்கள். காமிரா வந்ததும் முதலில் வயிற்றில் அடிபட்டவர்கள் இவர்கள்தான். துரைமார்கள் ஊருக்கு எடுத்துப்போக ஸ்டுடியோவில் போட்டோக்களை வாங்க ஆரம்பித்தார்கள். அந்தப் போட்டோக்களை எடுத்துப் பார்த்தால் அதே ஜோடி, அதே தொழிற்கருவி, அதே வெறுமையான பின்னணி. ஓவியரின் அமைப்பைக் காமிரா வாங்கிக்கொண்டு, அவர் பிழைப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ஒளிப்படம் ஓவியத்தை மாற்றிய கதையைச் சொல்கிறவர்கள் இந்த முதல் கடனைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஸ்டுடியோவில் நாம் பார்க்கும் திரைச்சீலையும் அப்படித்தான். ஒரு பக்கம் கட்டித் தொங்கவிட்ட பட்டுத் திரை, பக்கத்தில் சிறு மேசை, மேலே பூச்சாடி, தூணொன்று. இவை ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தில் பிரபுக்களுக்காக இருந்தவை. காமிராவுக்கும் முன்பே தஞ்சாவூர் அரண்மனைச் சித்திரங்களில் திரையும் வளைவும் நுழைந்திருந்தன. பின்னர் அவற்றையே படுதாவில் எழுதி மவுண்ட் ரோடு ஸ்டுடியோக்கள் மாட்டின. அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்ட ஜமீன்தார், அந்தப் படத்தைக் காட்டித் தம் ஊர்ச் சித்திரக்காரரிடம் பெரிய படம் எழுதச் சொன்னார். ஓவியத்திலிருந்து போட்டோவுக்கும் போட்டோவிலிருந்து ஓவியத்துக்குமாக அந்தத் திரை போய் வந்துகொண்டே இருந்தது.

* * *

இப்போது வடலூர். வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள் 1823-இல் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்தார். வளர்ந்தது சென்னை ஏழுகிணறு. சிறுவயதில் மாடியறையில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, தீபம் ஏற்றி, அதில் முருகனைக் கண்டார் என்பது அன்பர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டும் வழிபாடு தொடங்கியது. 1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டவர் திரும்ப வெளியே வரவில்லை.

அவரைப் படம் பிடிக்க அன்பர்கள் சென்னையிலிருந்து மாசிலாமணி முதலியார் என்பவரை வரவழைத்தார்கள் என்றும், அவர் எட்டு முறை முயன்றும் வெள்ளாடை மட்டும் பதிந்ததே தவிர உடல் பதியவில்லை என்றும் மரபு சொல்கிறது. பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப்போலவே மண்ணுருவம் செய்து கொண்டுவந்தபோது அதை அவர் ஏற்காமல் கீழே போட்டு உடைத்தார் என்ற செய்தியும் உண்டு.

படம் பதியாமல் போன சூழலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அப்போது வழக்கத்தில் இருந்தது ஈரத் தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயுமுன் காமிராவில் வைத்து எடுத்து, உடனே இருட்டறையில் கழுவிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட வேலை. நம் வெயிலில் அதற்கும் குறைவு. கடலூருக்கு ரயிலே வராத காலம். கண்ணாடி, ரசாயனப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் வண்டியில் வந்திருக்க வேண்டும். அந்தத் தகடு நீல ஒளிக்குத்தான் விரைந்து வினைபுரியும். சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. மாநிறமான ஒருவர், வெள்ளைத் துணியால் தலையை மூடி, முகம் துணியின் நிழலில் இருக்க, திறந்த வெயிலில் நிற்கிறார் என்று வையுங்கள். துணி கண்ணைப் பறிக்கும் வெள்ளையாகப் பதியும். அதற்குள்ளிருக்கும் முகம் கறுத்துக் கரைந்துபோகும். அந்தக் காலப் படக்காரர்கள் எல்லோரும் பட்ட பாடு இது.

அன்பர்கள் இதை ஒளியுடம்பு என்கிறார்கள். அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை; நானும் அந்தத் தருமசாலையில் சாப்பிட்டவன். ஓவிய வரலாற்றுக்கு முக்கியமானது அதற்கப்புறம் நடந்தது. பின்னால் வந்த ஓவியர்களுக்கு, பார்த்து எழுத முகம் இல்லாமல் போயிற்று. கேட்டறிந்த அடையாளங்கள் இருந்தன, வெள்ளாடை இருந்தது. மீதியை எங்கிருந்து எடுப்பது?

* * *

வள்ளலார் மறைந்த இரண்டரை மாதத்தில், 1874 ஏப்ரல் 15-ஆம் நாள், பாரிஸில் ஒரு கண்காட்சி திறந்தது. மோனே, தெகா, ரெனுவா, பிஸாரோ என்று பின்னால் உலகம் கொண்டாடிய ஓவியர்கள் முதல்முறையாகச் சேர்ந்து தங்கள் படங்களை வைத்தார்கள். இடம், நாடார் என்ற புகழ்பெற்ற ஒளிப்படக்காரரின் பழைய ஸ்டுடியோ. அந்தக் கட்டடத்தின் உயரத்திலிருந்து தெருவைப் பார்த்து மோனே எழுதிய படத்தில் நடமாடும் மனிதர்கள் வெறும் தீற்றல்களாகக் கலங்கியிருக்கிறார்கள், நீண்ட நேரம் திறந்த காமிராவில் அசைந்தவர் கலங்குவதுபோல. அடுத்த ஆண்டு தெகா எழுதிய ‘பிளாஸ் த லா கொங்கோர்ட்’ படத்தில் ஒரு தந்தையும் இரு மகள்களும் ஒரு நாயும். யாருக்கும் கால் முழுதாக இல்லை, சட்டம் வெட்டிவிடுகிறது. இடது ஓரத்தில் ஒரு மனிதர் பாதி உடலோடு நிற்கிறார். நடுவில் வெறும் திடல். ஜப்பானிய மர அச்சுப் படங்களுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், ஓரத்தில் எதையும் இரக்கமில்லாமல் வெட்டும் பார்வை ஒளிப்படத்தால் பழகிய பார்வை. மேற்கத்திய ஓவிய நூல்கள் இந்த வெட்டைத்தான் காமிரா ஓவியத்துக்குத் தந்த பெரிய கொடையாகச் சொல்கின்றன.

அந்த வெட்டை நம்மவர்கள் தொடவே இல்லை. பின்னமான சிலையைப் பூசையில் வைக்காத ஊர் இது. வணங்குவதற்காக எழுதும் உருவத்தின் பாதத்தைச் சட்டம் வெட்டுவதை எந்தச் சித்திரக்காரர் ஒப்புவார்? ராஜாவும் குருவும் தெய்வமும் தலை முதல் கால்வரை உள்ளே இருக்க வேண்டும், நம்மை நேராகப் பார்க்க வேண்டும். மார்பளவுப் படம் வெகுநாள் கழித்துத்தான் பூசையறைக்குள் வந்தது. திருவண்ணாமலை ரமணரை 1946-இல் வெல்லிங் எடுத்த மார்பளவுப் போட்டோ வீடுதோறும் போய்ச் சேர்ந்தது அதற்குப் பெரிய உதாரணம்.

வெட்டை விட்டுவிட்டு நம்மவர்கள் எடுத்துக்கொண்டது தரையை. முக்காலியில் நிற்கும் காமிரா மனிதனின் மார்பு உயரத்திலிருந்து பார்க்கிறது. ஆகவே காலுக்குக் கீழே தரை விரிகிறது, பின்னால் போகப்போகப் பொருள்கள் சிறுக்கின்றன. கூடவே வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, மறுபக்கம் நிழல். ரவி வர்மா 1896-இல் எழுதிய லட்சுமியைத் தஞ்சாவூர் லட்சுமியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். நான்கு கைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவள் தாமரைமேல் நிற்கும் இடம் உண்மையான குளம். நீருக்கு அப்பால் கரையும் மரங்களும் வானமும். ஒரே வெளிச்சம் எல்லாவற்றின்மீதும் விழுகிறது. ரவி வர்மா ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தில் பழகியவர் என்பது உண்மை. ஆனால் அவரும் தம்பி ராஜராஜ வர்மாவும் போட்டோக்களை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். நேரில் வந்து அமர முடியாதவர்களின் உருவங்களைப் போட்டோவிலிருந்து எழுதினார்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அந்த லட்சுமியை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் இந்த வழியை முழுமையாக்கியவர் கோவில்பட்டி கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஹண்டர் போட்ட அதே பள்ளி. நாடகக் கம்பெனியில் சேர்ந்து தர்பார், காடு, நந்தவனம் என்று படுதா எழுதினார். கம்பெனி கலைந்த பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரிடம் பயின்ற சுப்பையா போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். நாடகப் படுதா, ஸ்டுடியோப் படுதா, பக்கத்துச் சிவகாசியின் காலண்டர் அச்சு மூன்றும் அந்த ஊரில் ஒரே கூட்டத்தார் கையில் சேர்ந்தன. கொண்டையராஜுவின் மீனாட்சி கல்யாணத்தைப் பாருங்கள். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத் தூணில் கல்லில் இருக்கும் அதே மூவர். ஆனால் படத்தில் அவர்கள் நிற்பது மேடை. பின்னால் ஆழம் தெரிகிறது. முகங்களில் டச்சிங் செய்த போட்டோவின் வழுவழுப்பு. ரவி வர்மா தெய்வத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பத் துணிந்தார். கொண்டையராஜு மறுபடியும் பக்தனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். அவர் செய்ததே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. வணங்குகிறவனின் தேவை அவருக்குத் தெரிந்திருந்தது.

வள்ளலார் படமும் இந்த வழியில் வந்ததுதான். நேர்முகம், முழு உருவம், ஒரு பக்க நிழல், பின்னால் சிறிதாகச் சபை. முகம் பதியாத அந்த எட்டுப் போட்டோக்களின் இடத்தை ஸ்டுடியோவின் இலக்கணம் நிரப்பிவிட்டது.

* * *

ஸ்டுடியோவின் அந்த இலக்கணம் எங்கள் பக்கத்திலும் வேலை செய்தது. நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்தபின் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேலைக்கு வந்தவர்களுக்குப் பாஸ் போட்டோ வேண்டும், கல்யாணத்துக்குப் படம் வேண்டும், இறந்துபோன அப்பாவுக்குப் பெரிதாக்கிய படம் வேண்டும். இந்தக் கடைசி வேலை அப்போது ஓவியர் கை இல்லாமல் முடியாது. வாக்காளர் பட்டியல் படத்தின் அளவுக்குச் சிறிய ஒரு பழைய முகத்தை எடுத்து, பென்சிலாலும் வண்ணத்தாலும் சட்டையும் துண்டும் எழுதிச் சேர்ப்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படமே இல்லாத வீட்டுக்கு, வெவ்வேறு காலத்து இரண்டு முகங்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஜோடி ஆக்குவார்கள். ராஜஸ்தான் நாத்துவாராவில் யாத்ரீகர்களின் போட்டோ முகத்தை வெட்டி, ஸ்ரீநாதருக்கு முன் கைகூப்பி நிற்கும் வரைந்த உடலில் ஒட்டிய வழக்கத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. முகம் காமிராவுடையது, நிற்கும் முறை ஓவியருடையது. அந்த ஸ்டுடியோக் கலைஞர்களின் பெயர்கள் எந்த ஓவிய வரலாற்றிலும் ஏறவில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

வள்ளலாருக்குத் திரும்புவோம். அவரை நேரில் அறிந்த ஒருவரின் சொற்சித்திரம் நமக்கு இருக்கிறது. அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார், சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர், 1882-இல் பிரம்மஞான சபையாருக்கு அளித்த வாக்குமூலம் அது. ஓரளவு உயரம், எலும்பு தெரியும் மெலிவு, ஆனால் வலுவும் நிமிர்ந்த தோற்றமும் உண்டு. தெளிந்த மாநிறம், நேரான மெல்லிய மூக்கு, நெருப்புப்போன்ற பெரிய கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துயரம். இரண்டே வெள்ளைத் துணி, காலில் செருப்பு. மிக வேகமான நடை. இதுதான் அதன் சாரம்.

காலண்டர்ப் படத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான படங்களில் முகம் நிறைந்திருக்கிறது, நிறம் வெளுத்திருக்கிறது, துயரம் இல்லை. டச்சிங் மேசையில் சுருக்கமும் மெலிவும் முதலில் போவதைப்போல இங்கேயும் போய்விட்டன. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. வேகமாக நடந்தவர் எல்லாப் படத்திலும் நிற்கிறார். அவர் காலத்துக் காமிராவுக்கு முன்னால் எவரும் அசையாமல் நிற்கத்தான் வேண்டும்; நின்ற உருவமே மரியாதையான உருவம் என்று ஆயிற்று; காமிராவுக்கு அகப்படாதவரையும் ஓவியர்கள் அந்த விதிப்படியே நிறுத்திவிட்டார்கள். பசித்தவர் முகம் பார்த்துப் பதறி ஊர் ஊராகப் போன மனிதரின் நடை நமக்கு எந்தப் படத்திலும் கிடைக்கவில்லை.

நம் ஓவியர்களில் யாராவது இதை எழுத வேண்டும். மெலிந்த உடல், கைகளை வீசாமல் கட்டிக்கொண்டு கருங்குழிக்கும் வடலூருக்கும் இடையே செம்மண் தரையில் செருப்புக் காலோடு விரையும் ஓர் உருவம், கண்களில் அந்தத் துயரம். பாதம் வெட்டுப்பட வேண்டியதில்லை. நேராக நம்மை நோக்கியே வரட்டும். எழுதுவதற்கு வேண்டிய அடையாளங்கள் எல்லாம் வேலாயுத முதலியாரின் சொற்களில் 1882 முதல் அச்சில் இருக்கின்றன.

(தொடரும். அடுத்த இதழில்: நாடகக் கம்பெனிப் படுதாக்களும் கோவில்பட்டிக் கூடமும்)